கிட்டாரோடு டொரண்டோவுக்கு: கையிலா, லக்கேஜிலா?

கேள்வி இதுதான்: ஜனவரியில் படிக்கச் சென்னையிலிருந்து டொரண்டோ போகிறீர்கள். கையில் முழு அளவு அக்கூஸ்டிக் கிட்டார் இருக்கிறது. முன்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம். கேபினில் விடுவார்களா, லக்கேஜில் போட்டால் உடையுமா, கம்பிகளைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: கேபினுக்குள் கொண்டுபோக முயலலாம், ஆனால் யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். அதனால் கிட்டார் கீழே, சரக்கு அறைக்குத்தான் போகப்போகிறது என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். கம்பிகளைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். நல்ல ஹார்ட் கேஸ் இல்லையென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மீதியை விரிவாகச் சொல்கிறேன். கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். உடைந்து வருபவற்றைப் பார்த்துப் பார்த்து வந்த கருத்துகளும் இதில் கலந்திருக்கும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். சரக்கு அறையில் காற்றழுத்தம் குறைந்து கிட்டார் வெடித்துவிடும், உறைந்துபோகும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயணிகள் ஜெட் விமானங்களில் கேபினுக்கும் கீழ் அறைக்கும் அழுத்தம் ஒன்றுதான். அங்கே குளிர் இருக்கும், ஆனால் வெளியே இருக்கிற மைனஸ் ஐம்பது டிகிரி உள்ளே வருவதில்லை. வானத்தில் இருக்கும் நேரம்தான் கிட்டாருக்கு நிம்மதியான நேரம். ஆபத்தெல்லாம் தரையில். பெல்ட்டில் ஒரு வளைவில் சரிந்து விழுவது, டிராலியில் மற்றப் பெட்டிகளுக்கு அடியில் போவது, டார்மாக்கில் வெயிலில் காத்துக் கிடப்பது. சென்னையில் மே மாதம் தார்த்தரையில் ஒரு மணி நேரம் நின்ற கறுப்புக் கேஸுக்குள் இருக்கும் சூட்டில் பசை இளகி, பிரிட்ஜ் (உடலில் ஒட்டி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) மெல்ல எழும்பிவிடும். நீங்கள் ஜனவரியில் போவதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

சரி, எங்கே உடைகிறது? விமானத்தில் போய் வந்து என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலும் ஒரே இடம்: நட்டுக்கு (நெக்கின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பின்னால், நீண்ட பிடியான நெக்கும் சாவிகள் உள்ள தலையான ஹெட்ஸ்டாக்கும் சேரும் கழுத்து. கேஸைத் திறந்து ஒருமுறை பாருங்கள். கிட்டாரின் உடல் பஞ்சில் பொதிந்திருக்கும். நெக்கின் நடுவில் ஒரு தாங்கி இருக்கும். ஹெட்ஸ்டாக் மட்டும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும், அதில் ஆறு உலோகச் சாவிகளின் எடை வேறு. கேஸ் கீழே விழும்போது உடல் சட்டென்று நின்றுவிடும், தலை நிற்காது. பஸ் திடீர் பிரேக் போட்டால் நம் தலை முன்னால் போகிறதே, அதேதான். கேஸில் ஒரு கீறல் இருக்காது, திறந்தால் தலை தொங்கிக்கொண்டிருக்கும். கொண்டு வருபவர்கள் நம்பவே மாட்டார்கள்.

எல்லாக் கிட்டாருக்கும் இந்த அபாயம் ஒரே அளவு இல்லை. கிப்சன் வகையில் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், நெக் மஹோகனியில் ஒரே துண்டு. சாய்வு காரணமாக மரத்தின் ரேகை அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படும். போதாததற்கு ட்ரஸ் ராடுக்கான (நெக் வளையாமல் உள்ளே ஓடும் உலோகக் கம்பி) குழியும் அங்கேதான். ஃபெண்டர் எலக்ட்ரிக்கில் தலை நேராக இருக்கும், மேப்பிள் கெட்டி, நெக்கை நான்கு திருகில் கழற்றியும் விடலாம். விமானத்துக்கென்றே யாரோ செய்ததுபோல இருக்கும். உங்கள் அக்கூஸ்டிக் இந்த இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கிப்சன் பக்கமாக.

இதற்கு மருந்து செலவில்லாதது. உங்கள் பனியன், சாக்ஸ், துண்டு எல்லாவற்றையும் ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் இரு பக்கமும் மேலேயும் திணியுங்கள். தலை எந்தப் பக்கமும் அசையக் கூடாது. ஆனால் அமுக்கி நெம்பவும் கூடாது. அடியில் மட்டும் கெட்டியாக அடைத்து மேலே காலியாக விட்டால் மூடும்போதே தலையை நீங்கள் வளைக்கிறீர்கள். ஹெட்ஸ்டாக்கின் நுனி கேஸின் முனையைத் தொடவே கூடாது. தொட்டால் கேஸ் தலைகீழாக விழும் அடி நேராக நெக்குக்குப் போகும். உடலின் இடுப்புப் பக்கம் இடைவெளி இருந்தால் அங்கேயும் துணி. கடைசியில் கேஸை மூடிக் கையில் எடுத்து மெதுவாக உலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் வரக் கூடாது. கேபோ (நெக்கில் மாட்டும் கவ்வி), ஸ்ட்ராப், ட்யூனர் எல்லாம் கேஸின் சின்ன அறையில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். அந்த மூடி திறந்துகொண்டு ஒரு கேபோ உள்ளே உருண்டால் போதும், பின்பலகையில் குழி விழும்.

இப்போது கம்பி. லைட் கேஜ் (மெல்லிய) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து நெக்கைச் சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. விழும்போது வரும் உதறலோடு இந்த இழுப்பும் சேரும்போதுதான் விரிசல் வாய் பிளக்கிறது. அதனால் ஈ சுருதிக் கம்பியை டி அல்லது சி சுருதி வரை இறக்குங்கள், மற்றவற்றையும் அதே கணக்கில். முழுக்கக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. நான் சொல்லமாட்டேன். ட்ரஸ் ராடு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பியின் பிடி இல்லாமல் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு) நழுவி விழுந்து தொலைந்தும் போகும். இரண்டு நாள் பயணத்துக்குத் தளர்த்துவது போதும். நைலான் கம்பி கிட்டாரில் இழுப்பு இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், அங்கே இவ்வளவு கவலை தேவையில்லை.

கேஸ் விஷயத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். தோளில் மாட்டும் மெத்தென்ற கிக் பேக் கேபினுக்கு ஏற்றது, கீழே போட்டால் கிட்டார் செத்தது. ஹார்ட் கேஸ் கீழே போவதற்கு ஏற்றது, அதைக் கேபினுக்குள் விடமாட்டார்கள், மேல் அறையிலும் நுழையாது. ஆக, நீங்கள் கிக் பேக்கோடு போய், விமானம் ஏறும் கேட்டில் ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டால், மிக மோசமான பையில் கிட்டார் கீழே போகும். கிக் பேக்கில் போகிறவர்கள் ஹெட்ஸ்டாக்குக்கான துணித் திணிப்பையும் கம்பித் தளர்த்தலையும் விட்டுவிடவே கூடாது என்பது இதனால்தான். பலர் “நான்தான் கையில் வைத்திருக்கப் போகிறேனே” என்று விட்டுவிடுகிறார்கள்.

கேபினில் விடுவார்களா? அளவை மட்டும் பார்த்தால், இல்லை. கைப்பெட்டிக்கு நம் ஊர் விமானங்களில் பொதுவாக 55 சென்டிமீட்டர் நீளமும் 7 கிலோ எடையும்தான் வரம்பு. முழு அளவு அக்கூஸ்டிக் ஒரு மீட்டரைத் தாண்டும். எடையில் தப்பிவிடும், நீளத்தில் தப்பாது. ஆனால் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றின் மேல் அறையில் கிக் பேக்கோடு கிட்டார் நன்றாகவே படுக்கும். அதனால்தான் எத்தனையோ பேர் கொண்டுபோகிறார்கள். அது விதிப்படி வந்த உரிமை இல்லை, அன்றைக்கு அங்கே நின்றவரின் தயவு. போன தடவை விட்டார்களே என்று இந்த தடவை வாதாடிப் பயனில்லை.

இணையத்தில் படிக்கிற யோசனைகளில் பாதி அமெரிக்காவுக்கானவை, அங்கேதான் குழப்பம். அமெரிக்காவில் 2012ல் வந்த சட்டத்தின் அடிப்படையில் 2015 மார்ச் முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. கிட்டார், வயலின் மாதிரி சிறிய வாத்தியம் மேல் அறையிலோ இருக்கைக்கு அடியிலோ பாதுகாப்பாக அடங்கினால், நீங்கள் ஏறும் நேரத்தில் இடமும் இருந்தால், அனுமதித்தே ஆகவேண்டும். சாதாரணக் கைப்பெட்டிக்கு உள்ளதைவிடக் கூடுதல் கட்டணமும் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். வைத்த பிறகு இன்னொருவர் பெட்டிக்காக அதை எடுக்கச் சொல்லவும் முடியாது. அருமையான விதி, ஆனால் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மட்டும். துபாய் வழியாகவோ ஃபிராங்ஃபர்ட் வழியாகவோ வேறு நாட்டு நிறுவனத்தில் போகும் நீங்கள், மீனம்பாக்கத்தில் கவுன்டரில் இந்த விதியை அச்செடுத்து நீட்டினால் அவர்கள் சிரிப்பார்கள்.

கனடாவுக்கும் ஒரு விதி உண்டு. அங்கே 2019ல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வாத்தியங்களைக் கையிலோ லக்கேஜிலோ நிறுவனம் ஏற்க வேண்டும், அளவு, எடை, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு. அளவு, கட்டணம், விமானம் மாறினால் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி எழுதிய கொள்கையும் வைத்திருக்க வேண்டும். இது உங்களுக்குப் பொருந்தும், ஆனால் “லக்கேஜிலோ” என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கேபின் உரிமை இதில் இல்லை. இதன் பயன் வேறு: நிறுவனத்தின் தளத்தில் வாத்தியங்களுக்கான பக்கம் இருக்கும். அதை டிக்கெட் வாங்கும் முன் படியுங்கள். வாங்கிய பிறகு போனில் பேசி, கிட்டார் வருகிறது என்று பதிவில் ஒரு குறிப்பு போடச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் அச்சு ஒன்று கையில் இருந்தால் கவுன்டரில் பேச்சு சுலபமாக முடியும்.

சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது, எப்படியும் ஓர் இடத்தில் மாற வேண்டும். இரண்டு விமானமும் ஒரே நிறுவனமாக இருக்கும்படி பாருங்கள். முதல் விமானத்தில் கையில் விட்டு, இரண்டாவதில் கேட்டில் பிடுங்கிக் கீழே போடுவது சாதாரணமாக நடக்கும். சிறிய விமானம் இருக்கும் வழியைத் தவிருங்கள். ஏடிஆர் 72ன் மேல் அறையில் கிட்டார் நுழையவே நுழையாது. அதில் ஏறித் தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும்.

கேட்டில் “கீழே போடுகிறோம்” என்று சொல்லிவிட்டால் சண்டை போடாதீர்கள். விமானத்தின் வாசலில் கொடுத்து, இறங்கும்போது வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்று மட்டும் கேளுங்கள். அப்படி ஒத்துக்கொண்டால் பெல்ட்டில் உருள்வதெல்லாம் தப்பும், கையால் ஏற்றிக் கையால் இறக்குவார்கள். ஏறும் வரிசையில் முன்னால் நிற்பது நல்லது. கிட்டார் படுத்தால் சில பெட்டிகளின் இடத்தை அடைக்கும், கடைசியில் வருகிறவருக்கு அந்த இடம் இருக்காது. முன்னால் கோட் மாட்டும் அலமாரியில் வைக்கலாமா என்று பணிப்பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டால் சில சமயம் ஆகும், புதிய விமானங்கள் பலவற்றில் அந்த அலமாரியே இல்லை.

இன்னொரு வழி, கிட்டாருக்குத் தனி இருக்கை வாங்குவது. இதைத் தளத்தில் உங்கள் பெயரில் இரண்டு டிக்கெட் போட்டுச் செய்ய முடியாது, நிறுவனத்திடம் பேசி வாங்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பெல்ட்டில் கட்டுவார்கள். செல்லோக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நம் வீணைக்காரர்களுக்கு இந்த வழியும் சுலபமில்லை. அதனால்தான் தண்டியும் குடமும் தனித்தனியாகக் கழலும் பயண வீணைகள் வந்தன. மாணவரான உங்களுக்கு இரண்டாவது டிக்கெட் விலையில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம், இதை விடுங்கள்.

ஆகவே என் கருத்து: ஹார்ட் கேஸ் வாங்கி, சொன்னபடி உள்ளே அடைத்து, செக்-இன்னில் போட்டுவிடுங்கள். கேட்டில் யார் இருப்பார்களோ என்ற பதற்றம் மிச்சம். ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கேஸ் வேண்டாம், அதன் தாழ்ப்பாள் முதல் அடியிலேயே வாய் திறக்கும். ஹிஸ்காக்ஸ், எஸ்கேபி மாதிரி வார்ப்பில் செய்த ஓடு உள்ளதாகப் பாருங்கள். கால்டன் இன்னும் உறுதி, விலையும் அப்படித்தான், உங்கள் கிட்டாரைவிட அது அதிகமாக இருக்கும். தாழ்ப்பாள்கள் மேல் ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் டிஎஸ்ஏ பூட்டு (அங்குள்ள சோதனையாளர்கள் தங்கள் சாவியால் திறக்கக்கூடியது) மட்டும் போடுங்கள், வேறு பூட்டு இருந்தால் சோதனைக்கு வெட்டித் திறப்பார்கள். திறப்பவர் திரும்பத் துணியைச் சரியாக வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் உள்ளே எப்படி வைப்பது என்று படத்தோடு ஒரு தாள் வைத்துவிடுவேன்.

வைர் கட்டர், ஆலன் கீ, உபரிக் கம்பிகள் எல்லாம் செக்-இன்னில் போகட்டும். கையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் கம்பிச் சுருளைப் பார்த்தே கேள்வி கேட்பார்கள். உபரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அவை கையில்தான் வரவேண்டும்.

கவுன்டரில் ஒன்றைக் கவனியுங்கள். உடையக்கூடிய பொருள் என்று சொன்னதும் ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்கலாம். “ஃப்ராஜைல்” ஸ்டிக்கருக்கு என்று நினைத்துப் பலர் போட்டுவிடுகிறார்கள். அது லிமிடெட் ரிலீஸ் டேக், அதாவது உடைந்தால் பொறுப்பு எங்களுடையது இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. கிக் பேக்குக்கு அதைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஹார்ட் கேஸைக் காட்டி, முறையாகக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லி, அந்தக் குறிப்பு இல்லாமல் ஏற்கச் சொல்லிப் பாருங்கள். அங்கேயே கேஸைத் திறந்து நாலு படம் எடுங்கள், தேதியோடு. சீரியல் நம்பரும் ஒன்றில் தெரியட்டும்.

டொரண்டோவில் பெரிய அளவுப் பொருட்கள் தனியிடத்தில் வரும். கிட்டாரை வாங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் கேஸின் வெளிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். அடிபட்ட தடயம் இருந்தால் அங்கேயே திறந்து பார்த்து, லக்கேஜ் கவுன்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நம்பர் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி சேதப் புகாருக்கு 7 நாள் அவகாசம். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அதுவும் கிட்டாருக்கு மட்டும் இல்லை, உங்கள் எல்லா லக்கேஜுக்கும் சேர்த்து. அதைவிட மதிப்பு என்றால் செக்-இன்னிலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் தொகை கட்டலாம்.

கனடாக்காரர் டேவ் கேரல் கதை பலருக்குத் தெரியும். 2008ல் சிகாகோவில் அவருடைய டெய்லர் கிட்டார் தரைப் பணியாளர் கையில் உடைந்தது, சரிசெய்ய 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. மாதக்கணக்கில் அலைந்துவிட்டு 2009ல் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகம் முழுக்கச் சிரித்தது. பாட்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த 24 மணி நேரம்தான் நினைவில் நிற்கிறது.

உங்கள் கிட்டாரின் ஈட்டி மரத்தைப் பற்றி யாராவது பயமுறுத்தியிருந்தால் கவலைப்படாதீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டியும் மற்ற ரோஸ்வுட் இனங்களும் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது உண்மை. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை, அது 1992லிருந்தே கடுமையான பட்டியலில் இருக்கிறது. மார்ட்டின் கம்பெனி 1969ல் பிரேசில் மரத்தை விட்டு நம் ஈட்டிக்கு மாறியது. அதற்கு முந்திய பழங்கிட்டாரோ, யானைத் தந்தத்தில் நட்டோ வைத்திருப்பவர்கள்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விலை உயர்ந்த கிட்டார் என்றால் கிளம்பும் அன்று சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு அதோடு திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது.

கடைசியாக, பெரும்பாலானோர் கேட்க மறப்பது. ஜனவரி டொரண்டோவில் வெளியே உறைபனி, அறைக்குள் ஹீட்டர். ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும். சென்னையில் அந்தக் கிட்டார் 70 சதவீதத்தில் வாழ்ந்தது. கேஸில் அடிபட்ட தடயம் இல்லையென்றால், போய்ச் சேர்ந்ததும் ஆசையாக அதைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் சூடான காற்று பட்டால், குறிப்பாக நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சுள்ள கிட்டார்களில், பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். மூடியபடியே ராத்திரி முழுக்க அறையில் இருக்கட்டும். காலையில் திறந்ததும் முதலில் கழுத்தைப் பாருங்கள், உடைந்திருந்தால் அன்றே புகார் கொடுங்கள். அப்புறம் ஈரப்பதத்தை 49 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலங்களைக் கேஸில் போட்டு, வாசிக்காத நேரமெல்லாம் அதிலேயே வையுங்கள், சுவரில் மாட்ட வேண்டாம். ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) ஓரங்கள் கையில் குத்த ஆரம்பித்தாலோ, முன்பலகை உள்வாங்கினாலோ மரம் காய்கிறது என்று அர்த்தம்.

இதே காரணத்துக்காக, கிளம்பும் முன் இங்கே யாரிடமும் செட்டப் (கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது) செய்யாதீர்கள், என்னிடமும்தான். சென்னை ஈரத்தில் முன்பலகை உப்பி, கம்பி உயரமாக நிற்கும். அதைப் பார்த்து சேடிலைத் தேய்த்து இறக்கிவிட்டால், டொரண்டோவில் பலகை வற்றித் தாழ்ந்ததும் கம்பிகள் எல்லாம் ஃப்ரெட்டில் உரசி இரையும். தேய்த்த சேடிலை மறுபடி உயர்த்த முடியாது, புதிதுதான் போட வேண்டும். அங்கே போய் ஒரு மாதம் கழித்து, கிட்டார் அந்த ஊருக்குப் பழகிய பிறகு, பக்கத்தில் இருக்கும் ஒரு கடையில் கொடுங்கள்.